மூன்று முதல் ஆறு வயது வரை: எல்லைப் பக்கத்துப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று தமிழ் பேசும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் பொள்ளாச்சி. இந்தப் பக்கம் சின்னக் குழந்தைகளோடு வேலை பார்க்கிற எனக்கு, சாயந்தரம் பிள்ளையைக் கூட்டிப் போக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் வருஷா வருஷம் அதேதான். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பதில்கள் மூன்றிலிருந்து ஆறு வயதுக் குழந்தைகளுக்கு. அதற்கும் சின்னவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அங்கன்வாடிக்கு அனுப்பினா அங்க என்னங்க சொல்லிக் குடுக்கறாங்க? சோறு போட்டுத் தூங்க வெக்கறதுதானே?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. கேரளத்தில் முதலில் வந்தது மலப்புறம் மாவட்டத்து வேங்கரையில். அதன் கீழ் நடப்பதுதான் அங்கன்வாடி. சத்துணவு, தடுப்பூசி, உடல் பரிசோதனை, தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது, தாய்மார்களுக்குச் சத்துணவு பற்றிச் சொல்லிக்கொடுப்பது, இவற்றோடு மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி. ஆக, சோறு ஒரு பாதி என்றால் பாட்டு, கதை, விளையாட்டு இன்னொரு பாதி. காலை ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

தூக்கத்தைக் கேலி செய்ய வேண்டாம். மூன்று, நான்கு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ராத்திரி பத்தரை வரை சீரியல் ஓடுகிற வீட்டுப் பிள்ளைக்கு அங்கன்வாடித் தூக்கம்தான் கணக்கைச் சரிக்கட்டுகிறது.

சாப்பாடு பற்றியும் ஒரு வார்த்தை. உப்புமா வேண்டாம், பிரியாணி வேண்டும் என்று அங்கன்வாடிப் பையன் ஒருவன் கேட்ட வீடியோ 2025இல் கேரளம் முழுக்கச் சுற்றியது. அமைச்சர் வீணா ஜார்ஜ் பட்டியலை மாற்றுவதாகச் சொன்னார், மாற்றவும் செய்தார். புதுப் பட்டியலில் முட்டை பிரியாணி வந்துவிட்டது. வாய் திறந்து கேட்கத் தெரிந்த பிள்ளையால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்பப் பார்த்தாலும் வெளையாட்டுத்தான். எப்ப டீச்சர் படிப்பா?

விளையாடும்போது ஒரு பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். திண்ணையில் ஒரு பிள்ளை கொட்டாங்குச்சியில் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு கடை போட்டிருக்கிறாள். இன்னொருத்தி வேப்பிலையோடு வருகிறாள். "ரெண்டு கிலோ தக்காளி குடுங்க." "அஞ்சு ரூவா." நான்கு இலை நீட்டப்படுகிறது. கடைக்காரி ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு, "பத்தாது, இன்னொண்ணு" என்கிறாள். அதற்குள் ஒரு பையன் பொள்ளாச்சி பஸ்ஸோடு கடைக்குள் நுழைகிறான். சண்டை. கடைசியில் பஸ் கடைக்கு முன்னால் நிற்கும், கடைக்காரி ஏற வேண்டியதில்லை என்று முடிவாகிறது.

இதில் எண்ணிக்கை இருக்கிறது, பேச்சு இருக்கிறது, விட்டுக்கொடுப்பது இருக்கிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது அந்த வேப்பிலை. ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்று நிற்கலாம் என்று பிள்ளைக்குப் புரிந்திருக்கிறது. நாளைக்கு ஒரு கோட்டுக் கிறுக்கல் "க" என்ற சத்தத்துக்காக நிற்கும்போது அவளுக்கு அது புதிதாக இருக்காது.

பெரியவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கடைக்குப் போய் "புளி நல்லா இருக்கா? அரைக் கிலோ எவ்வளவு?" என்று கேளுங்கள். வாங்கிக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். "இது என்ன கலர், இது எத்தனை, சொல்லு பார்க்கலாம்" என்று பரீட்சை வைத்தால் அந்த நிமிஷமே கடை மூடிவிடும்.

மூணு வயசாச்சு, பென்சில் புடிக்கவே தெரியல. பக்கத்து வீட்டுப் பையன் ஏபிசிடி எழுதறானே?

மூன்று வயதில் மணிக்கட்டு எலும்புகள் பல இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். விரல்களின் சின்னத் தசைகளுக்கும் பலம் போதாது. பெரும்பாலான குழந்தைகள் மூன்று வயதில் வட்டத்தைப் பார்த்துப் போடும், நான்கு வாக்கில் கூட்டல் குறி, அப்புறம் சதுரம், ஐந்து வாக்கில் முக்கோணம். முக்கோணம் வராத கையில் "அ" எழுத வைத்தால் அது எழுத்தாக இருக்காது, படமாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் முடிந்தால் எழுதட்டும். உங்கள் பிள்ளையின் கணக்கு அவனைப் பார்த்து இல்லை.

கைக்கு வேலை வீட்டிலேயே கிடைக்கிறது. சப்பாத்தி மாவு பிசைய ஒரு உருண்டை கொடுங்கள். அவரைக்காய் நார் உரிக்கட்டும், கருவேப்பிலை உருவட்டும், கைக்குட்டை பிழியட்டும், சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றட்டும். வாசலில் புள்ளி வைக்க விடுங்கள், கோணலாக இருந்தால் என்ன. எழுதக் கொடுப்பதாக இருந்தால் நீளப் பென்சிலை விட உடைந்த சாக்பீஸ் துண்டு நல்லது. துண்டு சின்னதாக இருப்பதால் பிள்ளை விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். பிடிப்பு தானாக வந்துவிடும்.

விஜயதசமிக்கு எழுத்து போட்டாச்சுங்களே. அப்புறம் எழுத வெக்கலைனா குறையில்லையா?

சித்தூரில் தெக்கே கிராமத்துத் துஞ்சன் குருமடத்தில் விஜயதசமி அன்று நம் ஆட்களும் வரிசையில் நிற்கிறார்கள். மலையாளக் கவி எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் இருந்த இடம், பாரம்பரியம் உள்ள சடங்கு, தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அங்கே பிள்ளை எதில் எழுதியது? தட்டில் பரப்பின அரிசியில், விரலால், பெரியவர் கையைப் பிடித்துக்கொள்ள. அதையே வீட்டில் தொடருங்கள். ஒரு தட்டில் மணலோ ரவையோ பரப்பி விரலால் கோடு, வளையம், சுழி போட விடுங்கள். நாலு கோடு போட்ட நோட்டுக்குச் சடங்கில் இடமே இல்லை.

வீட்டுல தமிழ், அங்கன்வாடில மலையாளம், பெரியவன் ஸ்கூல்ல இங்கிலீஷ். புள்ளை குழம்பிப் போயிடாதா?

குழம்பாது. உலகத்தில் ஏகப்பட்ட குழந்தைகள் இரண்டு மூன்று மொழிகளோடுதான் வளர்கிறார்கள். நம் ஊரில் சந்தைக்குப் போகிற பாட்டிகூட இரண்டு மொழியில் பேரம் பேசுகிறாள். ஒரே வாக்கியத்தில் பாதி தமிழும் பாதி மலையாளமும் வந்தால் பயப்படாதீர்கள். கைக்கு எது கிடைக்கிறதோ அதை எடுத்து வேலையை முடிக்கிறது, அவ்வளவுதான். யாரிடம் எந்த மொழி என்று பிரிக்கப் பிள்ளையே கற்றுக்கொள்ளும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஒன்று, புது மொழி பேசும் இடத்துக்குப் போன புதிதில் பிள்ளை வாயே திறக்காமல் இருக்கலாம். சில வாரம், சிலருக்குச் சில மாதம். வீட்டில் வழக்கம்போலப் பேசுகிறாள், அங்கே சொல்வதைப் புரிந்து நடக்கிறாள் என்றால் காத்திருக்கலாம். இரண்டு, "டீச்சர் மலையாளம், அதனால நானும் மலையாளத்திலேயே பேசறேன்" என்று அரைகுறை மலையாளத்துக்கு மாறிவிடாதீர்கள். உங்களுக்கு முழுதாக வரும் மொழியில்தான் கோபமும் கதையும் கேலியும் காரணமும் முழுதாக வரும். பிள்ளைக்கு வேண்டியது அந்த முழுப் பேச்சு.

அப்ப தமிழ் மீடியமா, மலையாளமா, இங்கிலீஷா? எதுல சேர்க்கறது?

மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்து தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350அ பிரிவு சொல்கிறது. 1956இல் சேர்த்தது. அதன் பலனாகத்தான் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அரசுப் பள்ளிகளில் தமிழ்ப் பிரிவு இருக்கிறது, கேரளப் பாடநூலே தமிழில் அச்சாகிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்த இடமெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது.

பெற்றோரின் கணக்கு வேறு. இங்கே வேலை என்றால் மலையாளம் வேண்டும், கோயம்புத்தூர் என்றால் தமிழ், எங்கே போனாலும் இங்கிலீஷ். இது நியாயமான கணக்குதான். என்னைக் கேட்டால், ஆறு வயது வரைக்கும் பிள்ளை "ஏன்?" என்று திரும்பக் கேட்க முடிகிற மொழியில் இருக்கட்டும். மலையாளம் விளையாட்டுத் தோழர்களிடமிருந்து வந்துவிடும், இந்த மண்ணில் அதற்குப் பஞ்சமில்லை. இங்கிலீஷைப் பாடமாகப் படித்துப் பிறகு பிடிக்கலாம். மூன்று வயதில் ஒன்றும் புரியாமல் நாள் முழுக்க உட்காரும் பிள்ளை இங்கிலீஷ் கற்பதில்லை, சும்மா இருக்கக் கற்கிறது.

தனியார் எல்கேஜில தெனமும் ஹோம்வொர்க் தர்றாங்க. இங்க ஒண்ணுமே இல்லியே?

ஒன்றும் இல்லாததுதான் விதி. 2020இல் வந்த பள்ளிப் பை கொள்கை, இரண்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடம் கூடாது, பள்ளிக்கு முந்தின வகுப்புகளுக்குப் பையே வேண்டாம் என்கிறது. 2022இல் வந்த அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டமும் மூன்று முதல் ஆறு வயதுக்குப் பாடப்புத்தகம் வகுக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நோட்டு நிறைந்து வந்தால் பீஸ் கட்டியதற்குக் கணக்கு கிடைத்த மாதிரி நமக்கு ஒரு திருப்தி. அது நமக்குத்தான்.

எந்த இடமானாலும் சேர்க்கும் முன் ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். பொம்மைகள் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கின்றனவா, அலமாரி மேலே தூசி படிந்து உட்கார்ந்திருக்கின்றனவா? பிள்ளைகள் பேசும் சத்தம் கேட்கிறதா, டீச்சர் சத்தம் மட்டுமா? டீச்சர் குனிந்து பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரா? ஓட இடம் உண்டா? கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? கடைசியாகச் சொன்னதை முதலில் பாருங்கள். கேரள அரசுப் பள்ளிகள் பலவற்றின் பிரீ பிரைமரியில் வர்ணக்கூடாரம் திட்டத்தில் மணல், நிறம், பாட்டு, கட்டுமானம் என்று தனித்தனி மூலைகள் போட்டிருக்கிறார்கள். அதையும் ஒரு தரம் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்கள்.

மாண்டிசோரின்னு போர்டு போட்டிருக்காங்க, பீஸ் ஜாஸ்தி. நெசமாவே நல்லதா?

இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தவர். போர்க்காலத்தில் சில வருஷம் கொடைக்கானலில், நம் மறையூர் மலைக்கு அந்தப் பக்கம்தான், இருந்து வேலை செய்தார். அவர் முறையில் வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பார்கள், தாங்களே பொருளைத் தேர்ந்து எடுத்து நெடுநேரம் தொந்தரவில்லாமல் வேலை செய்வார்கள், பெரியவர் ஒதுங்கி நின்று கவனிப்பார். ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதலாம், தடுக்க ஆள் கிடையாது. உள்ளே போய்ப் பாருங்கள். வரிசையில் உட்கார வைத்து எல்லாரும் சேர்ந்து ஏபிசிடி கத்துகிறார்கள் என்றால் போர்டு மட்டும்தான் மாண்டிசோரி. மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே கூடத்தில் சேர்ந்து விளையாடுகிற நம் அங்கன்வாடி அந்த ஒரு விஷயத்தில் அவருக்கு இன்னும் பக்கம்.

வெளையாட்டுச் சாமான் வாங்கறதுக்கெல்லாம் எங்ககிட்ட ஏதுங்க காசு?

பனை மரத்துக்குக் கீழே இருந்துகொண்டு இந்தக் கேள்வி வேண்டாம். நுங்கு எடுத்த காய்க் கூடு இரண்டு, ஒரு குச்சி, ஒரு கவட்டை இருந்தால் வண்டி. பனையோலையில் காத்தாடி, தென்னையோலையில் பீப்பி, பாம்பு. கொட்டாங்குச்சி, பழைய டப்பா மூடிகள், அட்டைப்பெட்டி, பழைய சேலை ஒன்று. சேலையை இரண்டு நாற்காலிக்கு மேலே போட்டால் வீடு. கடையில் வாங்கும் பாட்டரி பொம்மை ஒரே வேலையைத்தான் செய்யும், பிள்ளை வேடிக்கை பார்க்கும். அட்டைப்பெட்டியை வைத்து பிள்ளைதான் எல்லா வேலையும் செய்ய வேண்டும்.

ஜாக்கிரதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் தம்பி தங்கை வாயில் போடுகிற அளவில் புளியங்கொட்டை, கோலிக்குண்டு, பலூன் துண்டு எதுவும் தரையில் கிடக்கக் கூடாது. முழு நிலக்கடலையும் அப்படித்தான். நம் பக்கம் கடலைக் காடு அதிகம், அறுவடை நேரத்தில் வீடெல்லாம் சிதறிக் கிடக்கும். மூச்சுக் குழாயில் போனால் ஆபத்து. ஐந்து வயது வரை பொடித்தோ அரைத்தோ கொடுங்கள். பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் பொத்தான் பாட்டரியை விழுங்கினால் சில மணி நேரத்திலேயே உணவுக் குழாய் வெந்துவிடும். சந்தேகம் வந்தாலே காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாய்க்கால் ஓரத்திலும் தண்ணீர்த் தொட்டியிலும் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள்.

பையன் சொப்பு வெச்சு சமைச்சு வெளையாடறான். அவங்க தாத்தாவுக்குப் புடிக்கல.

தாத்தாவையும் விருந்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். சொப்பு எல்லாருக்கும், நுங்கு வண்டியும் எல்லாருக்கும்.

நூறு வரைக்கும் கடகடன்னு சொல்றான். ஆனா மூணு தக்காளி எடுத்துட்டு வான்னா கை நிறைய அள்ளிட்டு வர்றான்.

நூறு வரை சொல்வது பாட்டு. எண்ணுவது வேறு வேலை: ஒரு பொருளுக்கு ஒரு எண், ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இரண்டு தரம் தொடாமல். கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிவது அதற்கும் அடுத்த படி. "எத்தனை இருக்கு?" என்று கேட்டதும் பிள்ளை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தால் அந்தப் படி இன்னும் வரவில்லை என்று அர்த்தம். அது தவறில்லை, வயசு அப்படி.

நூறை விட்டுவிட்டு ஐந்துக்குள் நில்லுங்கள். சாப்பாட்டுக்கு எத்தனை தட்டு வைக்க வேண்டும், அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று. படி ஏறும்போது ஒரு படிக்கு ஒரு எண். பரணில் கிடக்கும் பல்லாங்குழியை இறக்குங்கள். பதினான்கு குழியும் வேண்டாம், நான்கு குழி போதும். குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகும் விரலுக்குள் கணக்கு இறங்கும்.

எனக்கே எழுதப் படிக்கத் தெரியாதுங்க. நான் எப்படிக் கதை சொல்றது?

கதை சொல்லப் படிப்பு வேண்டாம். இன்றைக்குச் சந்தையில் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது கதை. நீங்கள் சின்ன வயதில் மழையில் மாட்டிக்கொண்டது கதை. முக்கியமான தந்திரம் ஒன்றுதான்: நடுவில் நிறுத்துங்கள். "ஆடு ஓடுச்சு, ஓடுச்சு, அப்புறம்..." என்று நிறுத்திவிட்டுப் பிள்ளை முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் நாம் இரண்டிலேயே பொறுமை இழந்து மிச்சத்தை நாமே சொல்லிவிடுகிறோம். பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் அதை எடுத்து நீட்டுங்கள். "தோட்டம்" என்றால் "ஆமா, யாரு தோட்டத்துக்குள்ள போச்சு?"

படப் புத்தகம் கிடைத்தால் எழுத்தைப் பார்க்காமல் படத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். ஸ்டோரிவீவர் என்ற தளத்தில் தமிழிலும் மலையாளத்திலும் படக்கதைகள் இலவசம், படித்த அக்கா யாரையாவது எடுத்துத் தரச் சொல்லுங்கள். அதே கதையை நாற்பது தரம் கேட்டால் சலிக்காமல் சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் பிள்ளைக்கு ஒரு சுகம். ஒரு நாள் உங்களைத் திருத்தும்.

போன் குடுத்தாத்தான் வாயத் தொறக்கறான். ரைம்ஸ் பார்த்து இங்கிலீஷும் கத்துக்கறான்ல?

இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் பெரியவர் பக்கத்தில் இருக்க. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வது இதுதான். ரைம்ஸ் வார்த்தைகளைப் பிள்ளை ஒப்பிக்கும், சரி. ஆனால் போன் நிறுத்திக் காத்திருக்காது, முந்தின பதிலில் சொன்ன அந்த ஐந்து வரை எண்ணுவது அதற்குத் தெரியாது. பேச்சு பதிலுக்குப் பதில் வந்தால்தான் வளரும்.

சாப்பாட்டுக்கு வருவோம். தட்டில் கொஞ்சமாக வையுங்கள். எல்லாரும் சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் உட்கார வைத்து அவன் கையாலேயே சாப்பிட விடுங்கள். தரையில் பாதி கொட்டும், கொட்டட்டும். முதல் சில நாள் அழுகை இருக்கும். அந்த நாட்களில் வீட்டில் ஒருவர் மட்டும் இரக்கப்பட்டு போனை நீட்டினால் எல்லாம் பாழ். அது பெரும்பாலும் யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஜூன் மாசம் சேர்த்தோம். ஒரே அழுகை. அவ பார்க்காதப்ப நழுவி வந்துடலாமா?

நழுவாதீர்கள். திரும்பிப் பார்த்தால் அம்மா காணோம் என்ற பயம் மறுநாள் வாசலிலேயே ஆரம்பிக்கும், உங்கள் முந்தானையை விடவே விடாது. "அம்மா போயிட்டு, சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் வருவேன்" என்று சொல்லி, ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வாருங்கள். சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள், அதுதான் பாதி மருந்து. வீட்டுத் துண்டு ஒன்றைக் கூடக் கொடுத்தனுப்பலாம். மழை பிடித்துக்கொள்ளும் மாதம் வேறு, முதல் வாரம் பாதி நாள் மட்டும் விட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம்.

கடிக்கிறான், புடுங்கறான். ரெண்டு போட்டாத்தான் கேப்பான் டீச்சர், நீங்களும் அடிங்க.

அடிக்க மாட்டேன். கடிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் "எனக்குக் குடு", "நான் இன்னும் முடிக்கல" என்று சொல்ல வார்த்தை கைவசம் இல்லை, அல்லது அந்த அவசரத்தில் வருவதில்லை. அந்த வார்த்தையை நாம்தான் வாயில் வைக்க வேண்டும். கடிபட்ட பிள்ளையை முதலில் கவனியுங்கள். பிறகு கடித்தவனிடம் குனிந்து, "கடிச்சா வலிக்கும். வண்டி வேணும்னா, எனக்கு அப்புறம் குடுன்னு கேளு" என்று சின்னதாக. அன்றைக்கே பலிக்காது, தினமும் அதையே சொல்ல வேண்டும். எப்போது கடிக்கிறான் என்றும் பாருங்கள். பசி நேரமா, தூக்க நேரமா, ஒரே ஒரு வண்டிக்கு ஆறு பேர் நிற்கும் நேரமா? இன்னொரு வண்டி செய்து வைத்தாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மூணு வயசாகியும் சரியாப் பேசல. அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம். ரெண்டு மொழி கேக்கறதாலயா?

இரண்டு மொழி காரணமில்லை, மேலே சொல்லிவிட்டேன். எல்லா மொழியிலும் சேர்த்து எண்ணுங்கள். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் வேணும்" என்று இரண்டு வார்த்தை சேர வேண்டும். மூன்று வயதில் வெளியாட்களுக்கும் பெரும்பாலும் புரிகிற மாதிரி சின்னச் சின்ன வாக்கியம் வர வேண்டும். அது இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை, முன்பு பேசிய வார்த்தை நின்றுபோனது, இதில் எதுவானாலும் அப்பாவின் கதையை வைத்துக் காத்திருக்காதீர்கள்.

முதலில் காது பரிசோதனை. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற குழந்தை நலத் திட்டத்தின் மருத்துவக் குழு வரும். 2013இல் தொடங்கிய திட்டம், வளர்ச்சித் தாமதத்தையும் பார்ப்பார்கள். அவர்கள் வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொண்டு பிள்ளையைக் கூட்டி வாருங்கள். தேவைப்பட்டால் வளர்ச்சித் தாமதத்துக்குச் சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். திருச்சூர் மாவட்டத்தில் இரிஞ்ஞாலக்குடா பக்கம் நிப்மர் என்ற அரசு நிறுவனமும் இருக்கிறது, பேச்சு, உடல், தொழில் சிகிச்சை எல்லாம் ஒரே இடத்தில். சிகிச்சை நடக்கும் காலத்திலும் பிள்ளையை அங்கன்வாடிக்கு அனுப்புங்கள். "மத்த புள்ளைங்க கேலி பண்ணுமே" என்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளைகள் கேலி பண்ணுவதில்லை, அவர்களுக்குப் பின்னால் நிற்கும் பெரியவர்கள்தான்.

ஆறு மாசம் இந்தப் பக்கம், கரும்பு வெட்டுக்குப் போனா ஆறு மாசம் அந்தப் பக்கம். புள்ளைக்கு எங்கயும் நிலையில்லையே?

அங்கன்வாடி இரண்டு மாநிலத்திலும் ஒரே திட்டம்தான். போகிற இடத்தில் பக்கத்து அங்கன்வாடியில் போய்ச் சொன்னால் சேர்த்துக்கொள்ள வேண்டும். கிளம்பும் முன் இங்கே டீச்சரிடம் சொல்லுங்கள், போஷன் டிராக்கர் செயலியில் ஊர் மாற்றம் பதிய வழி இருக்கிறது. தாய் சேய் அட்டையையும் ஆதாரையும் பையில் முதலில் வையுங்கள், தடுப்பூசி விட்டுப்போகாது.

பிள்ளைக்கு நிலை என்பது இடத்தை விடப் பழக்கத்தில் இருக்கிறது. தூங்கும் முன் அதே பாட்டு, அதே போர்வை, சாப்பிடும் முன் கை கழுவும் அதே சடங்கு. இங்கே பாடின பாட்டைப் போகிற இடத்து டீச்சரிடமும் பாடிக் காட்டச் சொல்லுங்கள். புது இடத்தில் அவளுக்கு அதுவே அறிமுகம்.

ஒண்ணாங்கிளாஸ் அஞ்சு வயசிலயா, ஆறு வயசிலயா?

தமிழ்நாட்டில் ஐந்து முடிந்தால் போதும். தேசியக் கல்விக் கொள்கை ஆறு என்கிறது. கேரளத்தில் இத்தனை காலம் ஐந்தாக இருந்ததை 2026-27இலிருந்து ஆறாக்கப் போவதாக 2025இல் அறிவித்தார்கள். உங்கள் பிள்ளை எல்லைக்கோட்டு வயதில் இருந்தால் மே மாதமே தலைமையாசிரியரிடம் கேட்டுவிடுங்கள். ஒரு வருஷம் முந்த வேண்டும் என்று பிறந்த தேதியைத் திருத்தும் வேலை வேண்டாம். அந்த ஒரு வருஷம் பிள்ளைக்கு லாபம்தான்.

நீங்க சொல்றதெல்லாம் சரி. ஆனா ஒண்ணாங்கிளாஸ் போன உடனே எழுதச் சொல்வாங்களே, அப்ப எம்புள்ள பின்தங்கிட மாட்டாளா?

ஒன்றாம் வகுப்பு வாசலில் நிற்கும் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேட்டால்: ஒரு கதையை முன்பின் மாறாமல் திரும்பச் சொல்ல வேண்டும். பத்துப் பொருளைச் சரியாக எண்ண வேண்டும். தன் பெயரை எழுதிக் காட்டினால் இது என் பெயர் என்று தெரிய வேண்டும். "பட்டம்", "பழம்" இரண்டும் ஒரே சத்தத்தில் ஆரம்பிக்கின்றன என்று காதுக்குப் பிடிபட வேண்டும். கால் மணி நேரம் ஒரு வேலையில் இருக்க வேண்டும். "டீச்சர், எனக்குப் புரியல" என்று சொல்ல வேண்டும். பட்டன் போடவும் கழிப்பறைக்குத் தானே போகவும் வர வேண்டும். எழுதும் கை இவற்றோடு சேர்ந்தே தயாராகியிருக்கும். மாவும் சாக்பீஸும் அதற்குத்தான் சொன்னேன்.

இப்படி வரும் பிள்ளைக்கு எழுத்து சில மாதத்தில் வந்துவிடும். எல்கேஜியில் ஏபிசிடி எழுதினவன் முதல் மாதம் முன்னால் தெரிவான், அது உண்மை. ஜூலையில் டீச்சர் நோட்டைக் காட்டி முகம் சுளித்தால் பயந்து டியூஷனில் போடாதீர்கள். நேரில் போய்ப் பேசுங்கள், ஓணம் லீவு முடியும் வரை பொறுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் எழுத்து பிடிபடவில்லை, கரும்பலகையில் இருப்பதைத் தப்பாகப் பார்த்து எழுதுகிறாள் என்றால் கண்ணையும் காதையும் ஒரு தரம் பரிசோதித்துவிடுங்கள். கண்ணாடி போட்டதும் சரியான பிள்ளைகள் நிறைய உண்டு.